புல்வெளித் தண்ணீரில் வாழ்ந்த மாமரம்: 2016-17 வறட்சியில் ஒரு கோவைத் தோட்டம்

பின்னணி

கோயம்புத்தூரின் மேற்குப் புறநகரில், ஒரு காலத்தில் சோளமும் நிலக்கடலையும் விளைந்த மேட்டாங்காடு மனைகளாகப் பிரிந்தபோது, இருபது சென்ட் வாங்கி வீடு கட்டியவர் ஒரு வங்கி அலுவலர். 1991-இல் குடியேறியதுமே அவரும் மனைவியும் மரங்களை வைத்தார்கள். வீட்டின் முன்னால் ஓர் ஒட்டு மா, வாசல் ஓரம் ஒரு பலா, பின்கட்டில் இன்னோர் ஒட்டு மா, நான்கு தென்னை, ஒரு சப்போட்டா. வேம்பு ஒன்று வேலியோரம் தானாக முளைத்தது. 2016-இல் இவை எல்லாம் இருபத்தைந்து வயது மரங்கள். இனி இவற்றுக்குக் கவனிப்பு தேவையில்லை என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அப்படி நம்புவது இயல்புதான்.

மேலே சுமார் இரண்டடிச் செம்மண். அதன் கீழே சுக்கான் பாறை, அதாவது இறுகிய சுண்ணாம்புப் படிவு. பாறை ஒரே பலகையாக இல்லை. சில இடங்களில் கடப்பாரை இறங்கும் அளவுக்கு வெடிப்புகள் உண்டு. சில இடங்களில் தட்டினால் மணியோசை கேட்கும். முன்புறத்தில் வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள்.

இந்த வீட்டில் ஆண்டுகள் போகப் போக நடந்த மூன்று மாற்றங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதலில் வந்தது புல்வெளி. முன்புற மாமரத்தின் நிழல் விழும் எல்லை வரை சுமார் ஆயிரம் சதுர அடிக்குப் புல் பதித்து, தெளிப்பான் வைத்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தினமும் தண்ணீர் விட்டார்கள். பிறகு துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. அதுவரை பலாவுக்குப் பக்கத்தில் கிடந்த துவைகல்லில்தான் துணி துவைத்தார்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் பலாவின் அடிக்குப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரத்தின் கழிவுக் குழாயை நேராகச் சாக்கடையில் சேர்த்துவிட்டார்கள். கடைசியாக, கார் நிறுத்துவதற்காக வாசலிலிருந்து பலாவின் அடிமரம் வரை இன்டர்லாக் கற்கள் பதிக்கப்பட்டன. இவற்றில் எதுவும் மரங்களைப் பற்றிய முடிவாக எடுக்கப்படவில்லை.

மழை பொய்த்த ஆண்டு

கோவை மழைமறைவுப் பகுதி. ஆண்டுக்குச் சராசரியாக 600 முதல் 700 மி.மீ. மழைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன், ஜூலை மாதங்களில் மழையைவிடக் காற்றே அதிகம் வரும். அந்தக் காற்று மண்ணையும் இலையையும் உலர்த்திவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இங்கே ஆண்டு முழுவதும் மரங்கள் நிற்கின்றன.

2016-இல் அந்த மழை வரவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் இயல்பான மழையளவு சுமார் 440 மி.மீ.; பெய்தது 168 மி.மீ. பற்றாக்குறை 62 சதவீதம். 2017 ஜனவரி 10 அன்று மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. சிறுவாணி அணையின் நீர்மட்டம் இறங்கியதால் கோவையில் குழாய்த் தண்ணீரும் சுருங்கியது.

இந்த வீட்டின் அறுநூறு அடி ஆழ்துளைக் கிணறு டிசம்பரில் தடுமாறத் தொடங்கியது. மோட்டாரைப் போட்டால் அரை மணி நேரத்தில் காற்று வரும். வீட்டுத் தேவைக்கே போதாத நிலையில் புல்வெளித் தெளிப்பானை நிறுத்தினார்கள். இரண்டே வாரத்தில் புல் காய்ந்தது. முன்புற மாமரத்துக்கு மட்டும், நட்ட காலத்தில் போட்ட சொட்டுநீர்க் குழாய் வழியாகத் தினமும் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். 'புல் போனால் போகிறது, மரத்துக்குத்தான் தண்ணீர் போகிறதே' என்ற நிம்மதி இருந்தது.

பூத்துக் குலுங்கிய மரம்

ஜனவரிக் கடைசியில் முன்புற மா இதுவரை இல்லாத அளவுக்குப் பூத்தது. இலை தெரியாத பூ. வீட்டில் மகிழ்ச்சி, படம் எடுத்து வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு அனுப்பினார்கள். தோட்ட வேலைக்கு வருபவர் மட்டும், "மரம் பயந்துபோனால்தான் ஐயா இப்படிப் பூக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வெப்ப மண்டலத்தில் மா பூப்பதற்கு வறட்சி ஒரு தூண்டுதல். துளிர் விடாமல் சில வாரங்கள் காய்ந்து கிடக்கும் கிளை பூவெடுக்கும். அளவான வறட்சி என்றால் நல்ல விளைச்சல். அளவு மீறினால், மிச்சமிருக்கும் சேமிப்பையும் பூவில் செலவழித்துவிட்டு மரம் வெறுங்கையோடு கோடைக்குள் நுழைகிறது.

பிப்ரவரி முடிவதற்குள் பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவிலேயே கொட்டின. மார்ச்சில் உச்சிக் கிளைகளின் இலைகள் விளிம்பிலிருந்து கருகின. அவை உதிராமல் கிளையிலேயே தொங்கின. இது முக்கியமான அடையாளம். மரம் தானாக உதிர்க்கும் இலை காம்பில் கழன்று விழும். கிளை திடீரென்று செத்தால் இலையைக் கழற்றிவிடும் வேலையைச் செய்ய அங்கே உயிர் இருக்காது; இலை பழுப்பாகி ஒட்டிக்கொண்டே நிற்கும். பலாவில் வேறு மாதிரி: இலை மஞ்சளித்துக் கொட்டி, புதிய இலைகள் பாதி அளவில் வந்தன. பின்கட்டு மா பழைய பசுமையோடு நின்றது.

வீட்டார் ஓர் உரக்கடையில் கேட்டிருக்கிறார்கள். சத்துக் குறைபாடு என்று சொல்லி யூரியாவும் கலப்பு உரமும் கொடுத்து, கூடவே பூஞ்சைக்கொல்லி ஒன்றையும் கட்டிக் கொடுத்தார்கள். நீரில்லாத மண்ணில் உரம் போடுவது உப்புப் போடுவதுதான். உரமிட்ட இரண்டு வாரங்களில் முன்புற மாவின் நடுக்கிளைகளும் கருகத் தொடங்கின. அப்போதுதான், மரங்களைப் பார்த்து ஆலோசனை சொல்லும் என்னை அழைத்தார்கள்.

ஏப்ரலில் கண்டவை

மரத்தைத் தொடுவதற்கு முன் எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பேனாக்கத்தியால் கிளைப்பட்டையை நகக்கண் அளவு சுரண்டினால் போதும்: உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் உண்டு, பழுப்பும் வறட்சியும் என்றால் இல்லை. முன்புற மாவில் உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. அதற்குக் கீழே பச்சை இருந்தது. ஆனால் தென்மேற்கு முகமாக இருந்த இரண்டு பெரிய கிளைகளில், இலை நிழல் போனதால், பட்டை வெயிலில் வெந்து நீளவாக்கில் வெடித்திருந்தது. அடிமரத்தில் ஓரிடத்தில் பிசின் வடிந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு துளை; அதன் கீழே நார் நாராக மென்று துப்பிய சக்கை. மரத்தைக் குடையும் புழுவான தண்டுத் துளைப்பான் வந்துவிட்டது.

வீட்டாரின் கவனம் முழுவதும் அந்தப் புழுவின் மீது போனது. கண்ணுக்குத் தெரியும் எதிரி கிடைத்தால் எல்லோருக்கும் ஆறுதல். ஆனால் துளைப்பானும் பிசின் வடிய வைக்கும் பூஞ்சையும் பெரும்பாலும் தளர்ந்த மரத்தைத் தேடித்தான் வரும். நன்றாக நீர் ஓடும் மரம் பிசினைக் கொண்டே பல புழுக்களை மூழ்கடித்துவிடும். எனவே கேள்வி, மரம் எதனால் தளர்ந்தது என்பதுதான்.

காய்ந்த புல்லுக்கு நடுவே, மரத்திலிருந்து எட்டடி தள்ளி ஒரு குழி வெட்டச் சொன்னேன். முதல் ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டிக்கு வேலையே வைக்காமல் வேர்ப்பின்னல் பாய்போல் பெயர்ந்து வந்தது. பாதி புல்லின் வேர். மீதி மாவின் சல்லி வேர். மாவின் வேரை விரலால் உருவினால் மேல்தோல் கழன்று, உள்ளே நரம்பு மட்டும் மிஞ்சியது. செத்து ஒரு மாதமாவது ஆகியிருக்கும். ஒரு சாணுக்குக் கீழே கட்டட இடிபாடு. அதற்குக் கீழே செம்மண், அங்கே பென்சில் கனத்தில் இரண்டொரு வேர்கள் மட்டும். இரண்டடியில் கடப்பாரை சுக்கானில் மோதி நின்றது.

சொட்டுநீர்க் குழாயின் வாய்கள் அடிமரத்திலிருந்து ஓரடியில் இருந்தன. மரக்கன்று வைத்தபோது போட்ட இடம். இருபத்தைந்து ஆண்டுகளாக யாரும் நகர்த்தவில்லை. தண்ணீர் விட்ட மறுநாளும் அங்கே இரண்டு சாண் அகலத்துக்குத்தான் ஈரம். வளர்ந்த மரத்தின் அடியில் அந்த இடத்தில் இருப்பவை மரத்தைத் தாங்கும் பெருவேர்கள். நீரை உறிஞ்சும் சல்லி வேர்கள் கிளைப்பரப்பின் விளிம்பை ஒட்டியும் அதற்கு வெளியேயும்தான் மிகுதி. ஈர வட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 1,700 மில்லிகிராமுக்கு அருகில் காட்டியது. மா உப்பைத் தாங்காத மரங்களில் ஒன்று.

பின்கட்டு மாவுக்கு அருகிலும் ஒரு குழி வெட்டினோம். அங்கே மேல்மண்ணில் சல்லி வேர் குறைவு. மூன்றடிக்குக் கீழே, சுக்கான் வெடிப்புகளுக்குள் சுண்டுவிரல் கன வேர்கள் நுழைந்திருந்தன. வெடிப்பிலிருந்து எடுத்த மண் உள்ளங்கையில் குளிர்ந்தது. இந்த மரத்துக்கு நட்ட முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை.

அதற்காக 'தண்ணீர் ஊற்றாததால்தான் அது பிழைத்தது' என்று எழுதிவிட முடியாது. பின்மதிலுக்கு அப்பால் பத்தடியில் பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்க் இருக்கிறது. அதன் கசிவை இந்த மரம் குடித்திருக்க வாய்ப்புண்டு. குழியை டேங்குக்கு எதிர்ப்பக்கமாக வெட்டியும் ஆழத்தில் வேர் இருந்தது என்பதால் கசிவு மட்டுமே காரணமில்லை என்று சொல்லலாம். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல வழியில்லை.

காய்ந்தது எப்படி

மேற்கண்டவற்றை அடுக்கிப் பார்த்தால் கதை இதுதான். முன்புற மா சொட்டுநீரால் வாழவில்லை. புல்வெளித் தெளிப்பானால் வாழ்ந்தது. கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. நீர் என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். தினம் 5 மி.மீ. அளவுக்குத் தெளித்தால் 465 லிட்டர். சொட்டுநீர் வாய்கள் இரண்டு, ஒவ்வொன்றும் மணிக்கு நான்கு லிட்டர். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மொத்தம் எட்டு லிட்டர். தெளிப்பானை நிறுத்திய நாளில் மரத்தின் குடிநீர் நானூறு லிட்டருக்கு மேலிருந்து எட்டு லிட்டருக்கு இறங்கியது. அந்த நானூறில் பெரும்பங்கு புல்லும் வெயிலும் எடுத்துக்கொண்டவை என்று கழித்தாலும் வீழ்ச்சி பயங்கரமானது. அந்த எட்டு லிட்டரும் சல்லி வேர் இல்லாத இடத்தில் விழுந்தது.

தினமும் மேலாக நனையும் மண்ணில் வேர் மேலாகவே பரவும். ஆழத்தில் தேட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. கீழே இடிபாடு வேறு தடுத்திருக்கிறது. மேல்மண்தான் முதலில் காய்வது. அது காய்ந்ததும் சல்லி வேர்கள் செத்தன. வேர் செத்த மரத்துக்குப் பிறகு தண்ணீரே கிடைத்தாலும் குடிக்க வாய் இல்லை.

மேலிருந்து காய்வதற்கும் காரணம் உண்டு. இலையிலிருந்து ஆவி போகப் போக, மரத்தின் நுண்குழாய்களில் இருக்கும் நீர் இழைபோல் மேலே இழுக்கப்படுகிறது. மண்ணில் நீர் குறையக் குறைய இழுவிசை கூடுகிறது. ஓர் எல்லையில் இழை அறுந்து குழாய்க்குள் காற்று புகுந்துவிடுகிறது. ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் ஏறாததுபோல அந்தக் குழாய் அதோடு சரி. உச்சிக் கிளைகளில் இழுவிசை மிகுதி, வெயிலும் காற்றும் மிகுதி. அதனால் அங்கேதான் முதலில் அறும். இதற்கு அஞ்சி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும் மரம் வேறொரு விலை கொடுக்கிறது. துளை மூடினால் உணவு தயாரிப்பதும் நிற்கும்; மாவுச்சத்துச் சேமிப்பைத் தின்றுதான் நாட்களைக் கடத்த வேண்டும். ஒரு மரம் வறட்சியில் உடனே சாவதற்கும், மழை வந்த பிறகு ஆறு மாதம் கழித்துச் சாவதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

பலாவின் நிலையும் அதேதான். நீர் வந்த வழி மட்டும் வேறு. துவைகல் தண்ணீர் நின்றபோதே அதன் ஒரு கால் போய்விட்டது. அதற்குப் பிறகு மழையை நம்பி நின்றது. இன்டர்லாக் கல் அந்த மழையையும் தெருவுக்கு அனுப்பியது. பலா இயல்பிலேயே வறட்சி தாங்காத மரம்.

தென்னைகளில் அடுக்களைத் தண்ணீர் போகும் இரண்டும் வாடவே இல்லை. மதிலோரத்து இரண்டில் கீழ்மட்டைகள் தொங்கி, குரும்பை கொட்டியது. சப்போட்டா கொஞ்சம் இலை உதிர்த்ததோடு சரி. வேம்பைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை; அந்தக் கோடையில் அது துளிர்த்து நின்றது.

எடுத்த முடிவுகள்

வாங்கக்கூடிய தண்ணீர் பதினைந்து நாளுக்கு ஒரு லாரி, ஆறாயிரம் லிட்டர். அதற்கே முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லா மரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பங்கிடத்தான் வீட்டு அம்மாவுக்கு விருப்பம். நான் வேண்டாம் என்றேன். கிளைப்பரப்பு எட்டு மீட்டர் அகலமுள்ள மரத்தின் அடியில் சுமார் 50 சதுர மீட்டர் மண் இருக்கிறது. இந்தச் செம்மண்ணில் இரண்டடி நனைய 60 மி.மீ. அளவு நீர் வேண்டும். அதாவது மூவாயிரம் லிட்டர். ஒன்பது மரங்களுக்கும் பிரித்தால் எல்லா இடத்திலும் மேல்மண் நனைந்து இரண்டு நாளில் ஆவியாகும். மேலாக வேர் விடும் பழைய பழக்கத்தைத்தான் அது வளர்க்கும். மாவுக்கு மூவாயிரம், பலாவுக்கு இரண்டாயிரம், மதிலோரத் தென்னைகளுக்கு மீதி என்று வைத்தோம். பின்கட்டு மா, சப்போட்டா, வேம்பு மூன்றுக்கும் ஒன்றும் இல்லை.

காய்ந்த புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, கிளைப்பரப்பின் பாதித் தொலைவிலிருந்து விளிம்புக்கு இரண்டடி அப்பால் வரை அகன்ற வளையமாகப் பாத்தி கட்டினோம். கொத்துவது இரண்டு விரல்கடைக்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. மிஞ்சிய வேரை மண்வெட்டி வெட்டிவிடும். வறண்டு இறுகிய மண் முதலில் நீரை ஏற்காது, ஓடவிடும். எனவே மாலையில் லேசாக நனைத்து, ஒரு மணி நேரம் விட்டு, பிறகு இரவு முழுவதும் மெல்லிய ஓட்டத்தில் விட்டோம். மறுநாள் முனை மழுங்கிய இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பார்ப்பதுதான் சோதனை: ஈரம் இருக்கும் வரை இறங்கும், காய்ந்த இடத்தில் நிற்கும். முதல் முறை முழங்கை அளவு இறங்கியது. மே மாதத்தில் இரண்டடியைத் தொட்டது.

பாத்தியின் மேல் கரும்புச் சோகையும் தென்னை மட்டையும் நான்கு அங்குலத்துக்கு மூடாக்கு. அடிமரத்தைத் தொடாமல் ஓரடி இடைவெளி. இல்லையென்றால் கரையானுக்கு ஏணி வைத்துக் கொடுத்ததாகிவிடும். உரம் முழுவதும் நிறுத்தம். மிச்சமிருந்த காய்களைப் பறித்துவிட்டோம். இதற்கு வீட்டில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

கவாத்து பற்றித்தான் நீண்ட பேச்சு. 'பாதி மரத்தை வெட்டிவிட்டால் தண்ணீர்த் தேவை குறையுமே' என்று கேட்டார் வீட்டுக்காரர். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் உயிருள்ள கிளையில்தான் மரத்தின் சேமிப்பு இருக்கிறது. வெட்டினால் அதுவும் போகும், வெட்டிய இடத்தில் துளிர்க்க மிச்சச் சேமிப்பும் செலவாகும், நிழல் போன பட்டை வெயிலில் வேகும். எங்கே உயிர் முடிகிறது என்பதை மரமே காட்டட்டும், மழைக்குப் பிறகு வெட்டலாம் என்று ஒத்திப்போட்டோம். கார் நிறுத்தும் இடத்தின் மேல் தொங்கிய செத்த கிளைகளை மட்டும் உடனே எடுத்தோம். வெயில் பட்ட கிளைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். துளையில் வளைந்த கம்பியை விட்டுப் புழுவை இழுத்து எடுத்துக் களிமண்ணால் அடைத்தாயிற்று; பிசின் வடிந்த இடத்தைச் சுத்தம் செய்து, பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை பூசினோம். அதன் கலவை: மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர்.

பலாவைச் சுற்றி ஆறடிக்கு இன்டர்லாக் கற்களைப் பெயர்த்தோம். அடியில் இருந்த எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) படுகை இறுகிப் பலகையாகக் கிடந்தது. முழு வாசலையும் பெயர்க்கலாம் என்றேன். கார் எங்கே நிற்கும் என்ற கேள்வியில் அது நின்றுபோனது. துணி துவைக்கும் இயந்திரத்தின் கடைசி அலசல் தண்ணீரை மட்டும் பலாவுக்குத் திருப்பினோம். முதல் தண்ணீரில் சோப்பின் உப்பு மிகுதி என்பதால் அது சாக்கடைக்கே போயிற்று.

மழை வந்தபோது

மே மாதம் இரண்டு சிறு தூறல்கள். எல்லோரும் மகிழ்ந்திருக்க, அடுத்த வாரம் மாவில் மிஞ்சியிருந்த இலைகளின் விளிம்பு மேலும் கருகியது. மாதக்கணக்கில் ஈர வட்டத்தின் ஓரத்தில் சேர்ந்த உப்பை, மண்ணை முழுதாகக் கழுவிச் செல்லப் போதாத தூறல் வேருக்கே திருப்பித் தள்ளிவிட்டது. இரண்டாவது தூறலன்று மழைக்கு நடுவிலேயே லாரித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். மழையில் தண்ணீர் பாய்ச்சுகிற வீடு என்று தெருவில் கேலி செய்தார்கள். உப்பைக் கீழே அனுப்ப அதைவிட நல்ல நேரம் கிடையாது.

2017 தென்மேற்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆடிக் காற்று ஓய்ந்ததும் முன்புற மாவின் பெரிய கிளைகளில், சுண்ணாம்பு அடித்த இடத்தின் ஓரமெல்லாம் செந்துளிர் வந்தது. அக்டோபரில் உயிரின் எல்லை தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அரை அங்குலம் மேலே செத்த பகுதியை வெட்டி எடுத்தோம். மொத்தத்தில் மரத்தின் மேற்பகுதியில் ஐந்தில் இரண்டு பங்கு போனது. ஏப்ரலிலேயே பாதி மரத்தை வெட்டியிருந்தால், பிறகு துளிர்த்த இரண்டு கிளைகளும் அந்த வெட்டில் போயிருக்கும்.

பலா செப்டம்பரில் மரம் முழுவதும் இலை விட்டது. மாவைவிட நன்றாகத் தேறியதாகவே தோன்றியது. வீட்டார் அலசல் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். 2018 மார்ச்சில், இரண்டு வாரத்துக்குள் மரம் முழுவதும் வாடியது. இலைகள் உதிராமல் தொங்கின. சுரண்டிப் பார்த்தபோது அடி வரை பழுப்பு. வெட்டிய பின் அடிக்கட்டையில் பார்த்தால், நடுவில் வைரம் பாய்ந்த மஞ்சள் மரம் நன்றாக இருந்தது. அதைச் சுற்றியுள்ள வெள்ளை மரத்தில் ஆப்பு வடிவில் பழுப்பேறிய பூஞ்சைக் கறைகள், இடையிடையே மட்டும் நிறம் மாறாத கீற்றுகள். அந்தச் சில கீற்றுகள் வழியாகத்தான் செப்டம்பரில் நீர் ஏறி இலை வந்திருக்கிறது. வெயில் ஏறியதும் அவை போதவில்லை. வீட்டார் இதைப் 'புது நோய்' என்றார்கள். 2017-இல் தொடங்கிய சாவுதான் அது.

மதிலோரத் தென்னைகள் பிழைத்தன. காய்ப்பு 2018 முழுவதும் சரிந்தே இருந்தது. ஒரு பாளை குருத்துக்குள் உருவாகத் தொடங்கிக் காய் முற்றும் வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், ஒரு வறட்சியின் கணக்கைத் தென்னை இரண்டு மூன்று ஆண்டுகள் வரை தீர்த்துக்கொண்டிருக்கும். உரம் போட்டும் காய்க்கவில்லை என்று புலம்பல் வந்தது. காத்திருக்கச் சொன்னதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

மாற்ற வேண்டியவை

இதுபோன்ற இன்னொரு தோட்டத்தில், மரத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டின் தண்ணீர் எங்கெங்கே போனது, எப்போது நின்றது என்ற கதையைக் கேட்க வேண்டும். துவைகல் இருந்த இடம், பழைய கழிவு வாய்க்கால், மூடிய கிணறு, புல்வெளி, பக்கத்து வீட்டு டேங்க். இருபது ஆண்டு மரம் தானாக நிற்கிறது என்றால் அது எங்கிருந்தோ குடிக்கிறது. அந்த இடத்தை ஒருவர் தெரியாமல் அடைத்துவிட முடியும். புல்வெளியை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அதே வாரம் மரத்துக்கு வளையப் பாத்தி தயாராக வேண்டும். இந்த வீட்டில் அந்த இடைவெளி டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை நீண்டது. சல்லி வேர்கள் செத்தது அதில்தான்.

சொட்டுநீர் வாய்களை மரத்தோடு சேர்த்து வெளியே நகர்த்த வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும். வாரம் முழுவதும் சிறிது சிறிதாக விடுவதைவிடப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக விடுவது உப்பு நீருக்கும் பொருந்தும், வேருக்கும் பொருந்தும். இடிபாடு நிரப்பிய மண்ணில் பெரிய மரம் வைப்பதையே தவிர்க்கலாம்.

பலா போன்று ஒருமுறை அடிபட்ட மரத்துக்கு, இலை வந்த பிறகும் அடுத்த முழுக் கோடை வரை நீரை நிறுத்தக் கூடாது. மாவுக்கு அப்படித் தொடர்ந்து நீர் கொடுத்தோம். அது ஓரளவு புல்வெளியை மீண்டும் போடாததால் மிஞ்சிய தண்ணீர். பலாவும் அதே கவனிப்பில் பிழைத்திருக்குமா என்பது ஐயம்தான். வாசல் கற்களில் முக்கால் பங்கு அதன் வேர்மேல் அப்படியேதான் கிடந்தன.

பலா இருந்த இடத்தில் வீட்டார் மறுபடியும் பலாவே வைக்க விரும்பினார்கள். புங்கன் வைத்தார்கள். மரத்தைச் சுற்றிப் பத்தடிக்குக் கல் இல்லை, கூரை மழைநீர்க் குழாய் அந்தத் திறந்த மண்ணில் வந்து விழுகிறது, கார் தெருவில் நிற்கிறது.